மூன்றாம் சுற்றில் நின்றுபோகும் வண்டி

"இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்" என்றாள் சந்தனமாரி. தாளை மேசைமேல் வைத்து, மின்விசிறிக் காற்றில் பறந்துவிடாமல் இருக்கப் பேனாவையும் அதன்மேல் வைத்தாள்.

மேற்பார்வையாளர் ஜெபஸ்டின் கணினியிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. "படிச்சுப் பாத்தியா?"

"ரெண்டு மட்டம் படிச்சேன். படிச்சதுனாலதான் மாட்டேங்கேன்."

தாளில் நான்கு வரிகள்தான் இருந்தன. ஓட்டுநர் சந்தனமாரி வாகனத்தை முறையற்ற விதத்தில் இயக்கியதாலும், எரிபொருளில் நீர் கலக்க இடமளித்ததாலும் என்ஜினின் திறன் குறைந்துவிட்டது. இதற்கு அவரே முழுப் பொறுப்பு. கீழே அவள் பெயரைத் தட்டச்சு செய்து, மேலே ஒரு கோடு விட்டிருந்தார்கள்.

"சனிக்கிழமை இஞ்சினியர் மேடம் பாக்க வாராங்க. அதுக்குள்ள இது ஃபைல்ல இருக்கணும். இல்லன்னா அடுத்த மாசம் ஒனக்கு கேட் பாஸ் வராது, உள்ள வர முடியாது. நான் சொல்லலன்னு இருக்கக் கூடாது."

"சொல்லிட்டீங்க. கேட்டுக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு அவள் வெளியே வந்தாள்.

கங்கைகொண்டானுக்கு வடக்கே கரிசலும் உடைமரமுமாகக் கிடந்த நிலத்தில் நான்கு வருடங்களுக்கு முன் வந்த சூரிய மின்நிலையம் அது. கண்ணுக்கு எட்டும் தூரம் வரை நீலப் பலகைகள் வரிசைவரிசையாக நின்றன. புழுதி படிந்தால் மின்சாரம் குறைந்துவிடும் என்பதால், வெயில் ஏறுமுன் அவற்றைக் கழுவிவிட வேண்டும். சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து பன்னிரண்டு பெண்கள் விடியும் நேரத்தில் வேனில் வந்து இறங்குவார்கள். அங்கே போர்த் தண்ணீர் உப்பு. கழுவினால் பலகையில் வெள்ளைத் திட்டு விழும். அதனால் தாமிரபரணித் தண்ணீரை லாரியில் கொண்டுவந்து தொட்டியில் நிரப்புவார்கள். சந்தனமாரியின் தெருவில் அதே தண்ணீர் நான்கு நாளைக்கு ஒருமுறைதான் வரும்.

தொட்டியிலிருந்து வரிசைகளுக்குத் தண்ணீரை இழுத்துப்போக வாங்கியதுதான் அந்த நாலு சக்கர பைக். டிராக்டர் நுழையாத இடுக்குகளில் நுழையும். மழை பெய்து கரிசல் களியாகிக் கிடந்தாலும் தடித்த டயர்களால் மிதித்து ஏறிவிடும். ஆபீசில் அதற்கு ஏடிவி என்று பெயர். வரப்புகளின்மேல் துள்ளித் துள்ளிப் போவதால் பெண்கள் அதைத் தவளை என்றார்கள். பின்னால் ஒரு டிரெய்லர், அதன்மேல் ஐந்நூறு லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி.

முதலில் அதை ஓட்ட வந்த இரண்டு ஆண்களும் ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை. அப்போது சந்தனமாரி போய், "நான் ஓட்டுதேன்" என்று கேட்டாள். அவளுக்கு முப்பத்தாறு வயது. அதற்கு முன் தச்சநல்லூருக்கும் டவுன் மார்க்கெட்டுக்கும் இடையே ஆறு வருடம் லோடு ஆட்டோ ஓட்டியவள். கணவன் லாரி டிரைவர், மாதத்தில் பத்து நாள்தான் வீட்டில் இருப்பான். வண்டி எப்படி இருக்கிறது என்பதை அவள் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். ஒன்றரை வருடம் தவளை அவள் கையில் ஒரு நாளும் முரண்டு பிடித்ததில்லை.

தை மாதக் கடைசியில்தான் அது ஆரம்பித்தது. தொட்டியை நிரப்பிக்கொண்டு போகிற முதல் சுற்று நன்றாகப் போகும், இரண்டாவதும் போகும். மூன்றாம் சுற்றில் நாலாவது பிளாக் பக்கம் வந்ததும் இழுவை குறையும். ஆக்சிலேட்டரை முறுக்கினால் வேகம் கூடுவதற்குப் பதிலாக அடைத்துக்கொண்டு இருமும். பெட்ரோல் கூடுதலாக ஏறுவதற்கான சோக்கை இழுத்தால் கொஞ்ச தூரம் நகரும், பிறகு அணைந்துவிடும். கால் மணி நேரம் விட்டு ஸ்டார்ட் செய்தால் எடுக்கும். பத்து வரிசை தாண்டுமுன் மறுபடி நிற்கும். டிராக்டரை வரவழைத்து ஷெட்டுக்கு இழுத்துப் போவார்கள். அங்கே ஜெபஸ்டின் டாங்கைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்தால், ஒன்றும் நடக்காதது போல உறுமும்.

திருநெல்வேலியிலிருந்து மெக்கானிக் இசக்கிமுருகன் மூன்று தடவை வந்தான். முதல் தடவை பிளக்கை மாற்றினான். இரண்டாம் தடவை ஏர் ஃபில்டரைக் கழுவி, கார்புரேட்டரைப் பிரித்துத் துடைத்தான். மூன்றாம் தடவை பெட்ரோல் ஃபில்டரை மாற்றி, வால்வு இடைவெளியையும் சரிபார்த்தான். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் இரண்டு சொட்டுத் தண்ணீர் இருந்ததாகச் சொன்னான். ஷெட்டில் நிறுத்திப் பத்து நிமிடம் ஓடவிட்டபோது ஒரு குறையும் தெரியவில்லை.

"நல்லாப் பாத்தீராவே?" என்று ஜெபஸ்டின் கேட்டார்.

"பாத்துட்டேன் சார். வண்டில கோளாறு இல்ல. ஓட்டுத கையிலதான் ஏதாவது இருக்கணும்."

அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. மறுநாளே தாள் தயாராகிவிட்டது.

வண்டி நிற்கத் தொடங்கிய நாளிலிருந்தே சந்தனமாரி, தினமும் தருகிற வேலைச் சீட்டின் பின்பக்கத்தில், வண்டி எந்தச் சுற்றில் நின்றது, எத்தனை மணிக்கு நின்றது, டாங்கில் எவ்வளவு இருந்தது என்று குறித்துக்கொண்டே வந்தாள். எழுதியதைச் சேர்த்துப் பார்த்தபோது ஒன்று அவளுக்குப் புரிபடவில்லை. டாங்க் நிறைந்திருந்த நாட்களில் மூன்றாம் சுற்றில் நின்றது. பாதி இருந்த நாட்களில் ஐந்தாம் சுற்றுவரை தாங்கியது. அடியில் கொஞ்சமே கிடந்த ஒரு வெள்ளிக்கிழமை, காலை முழுவதும் நிற்கவே இல்லை. பெட்ரோல் குறைந்தால் வண்டி நிற்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். நிறைந்தால் நிற்கிற வண்டியை அவள் கண்டதில்லை.

அதை இசக்கிமுருகனிடம் போனில் சொன்னாள். "அப்படியெல்லாம் இருக்காதுக்கா. நீங்க குழம்பிட்டீங்க" என்றான்.

"நான் குழம்பலண்ணே. தேதி போட்டு எழுதி வச்சிருக்கேன்."

"சரிக்கா, நான் ஒரு வேலையா இருக்கேன்" என்று வைத்துவிட்டான்.

புதன்கிழமை காலை விஷயம் பிடிபட்டது. அன்று வடக்கேயிருந்து காற்று அதிகம். தொட்டிக்குள் உடைமரச் சருகு விழுகிறது என்று, பிரஷ் பிடிக்கும் ஆவுடைத்தாய் டிரெய்லர் தொட்டியின் மேல்மூடியை நன்றாகத் திருகி இறுக்கிவிட்டாள். இரண்டு வரிசை கழுவுவதற்குள் குழாயில் தண்ணீர் நூலாகச் சிறுத்து நின்றுபோனது.

"எக்கா, தண்ணி வரலக்கா. அடைச்சுக்கிட்டு போல" என்றாள் ஆவுடைத்தாய்.

சந்தனமாரி திரும்பிப் பார்த்தாள். தொட்டியின் பக்கம் உள்வாங்கி ஒடுங்கியிருந்தது. "மூடிய இறுக்கினா எப்பிடி வரும்? காத்து போனாத்தான தண்ணி எறங்கும்" என்று சொல்லிக்கொண்டே ஏறி மூடியைத் தளர்த்தினாள். காற்று உள்ளே பாய்ந்த சத்தம் கேட்டது. தொட்டி டப்பென்று பழையபடி புடைத்தது. குழாயில் தண்ணீர் பாய்ந்தது.

அவள் மூடியைப் பிடித்த கையை எடுக்காமல் அங்கேயே நின்றாள். இந்தச் சத்தத்தை வேறு எங்கோ கேட்டிருக்கிறாள். ஷெட்டில், ஒவ்வொரு தடவையும் ஜெபஸ்டின் சாவி போட்டுப் பெட்ரோல் டாங்கைத் திறக்கும்போது.

தவளை வந்தபோது அதன் டாங்கில் சாதாரண மூடிதான் இருந்தது. பொங்கல் கழிந்து ஒரு நாள் ஜெபஸ்டின் அதைக் கழற்றிவிட்டு, பூட்டு வைத்த மூடி ஒன்றைப் போட்டார். பெட்ரோல் கூடுதலாகச் செலவாகிறது, யாரோ எடுக்கிறார்கள் என்பது அவருடைய சந்தேகம். யார் என்று அவர் சொல்லவில்லை. வண்டியைத் தொடுவது ஒருத்திதான் என்பதால் சொல்லவும் தேவையிருக்கவில்லை. சாவி ஆபீஸ் மேசை இழுப்பறையில், எழுத்தர் தஸ்மியாவின் பொறுப்பில் இருந்தது. வெளியில் வண்டி நின்றால் டாங்கைத் திறக்க வழியில்லை. ஷெட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் திறந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு மெக்கானிக் பார்த்தால் எந்தக் கோளாறு தெரியும்?

அன்று வேலை முடிந்ததும் நேராக ஜெபஸ்டினிடம் போனாள்.

"சார், வண்டில கோளாறு இல்ல. நீங்க போட்ட மூடிலதான் இருக்கு. அதுல காத்து போக வழி இல்ல. பெட்ரோல் எறங்க மாட்டேங்கு. நாளைக்கு சாவியக் கையில தாங்க, நின்ன எடத்துலயே தொறந்து காட்டுதேன்."

ஜெபஸ்டின் இப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தார். "சாவி ஆபீஸ விட்டு வெளிய போகாது. வெளிய போகக் கூடாதுன்னுதான் பூட்டே போட்டிருக்கு."

"அப்ப நீங்க கூட வாங்க."

"எனக்கு வேற சோலி இல்லன்னு நெனச்சியா? மெக்கானிக்குக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிட்டு, அப்படித்தான? சனிக்கிழமை வண்டிய வெளிய எடுக்காத. அன்னைக்கு ஹோஸ இழுத்துக் கழுவுங்க. மேடம் முன்னால அது நின்னு மானத்த வாங்க வேண்டாம். போறப்ப அந்தத் தாள்ல கையெழுத்தப் போட்டுட்டுப் போ."

அவள் தாளைத் திரும்பியும் பார்க்கவில்லை.

வாசலில் தஸ்மியா தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டிருந்தாள். மேலப்பாளையத்திலிருந்து பஸ் மாறி வந்துபோகிற பெண், வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது.

"தஸ்மியா, சனிக்கிழமை அந்தச் சாவியக் கொண்டு வாரியா?"

தஸ்மியா உள்ளே ஒரு பார்வை பார்த்தாள். "என்னால முடியாதுக்கா. சார் என்னையும் தூக்கிருவாரு."

"சரி. ஆனா காலைல டாங்க் நெறையப் பெட்ரோல் போட்டுத் தந்திரு. அது ஒன் வேலதான?"

"அது என் வேலதான்" என்றாள் தஸ்மியா.

சனிக்கிழமை ஐந்தே முக்காலுக்கு டாங்க் கழுத்துவரை நிறைந்தது. தஸ்மியா மூடியைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனாள். ஜெபஸ்டின் கேட்டில் மேடத்தின் வரவுக்காகக் காத்திருந்தார். சந்தனமாரி டிரெய்லரை மாட்டினாள், தொட்டியை நிரப்பினாள், வண்டியை எடுத்தாள். ஆவுடைத்தாய்தான் கேட்டாள்: "இன்னைக்கு எடுக்கக் கூடாதுன்னாருலா?"

"ஓடலன்னா எம்மேல குத்தம்னு எழுதி வச்சிருக்கு. ஓட்டாம அத எப்பிடி இல்லன்னு காட்ட? ஏறுங்கட்டி."

அவர்கள் பிரஷ்களோடு ஏறிக்கொண்டார்கள்.

இரண்டு சுற்றை அவள் கிழக்குப் பக்கம் முடித்தாள். ஏழு மணிக்கு ஜீப் உள்ளே வருவது தெரிந்ததும் மூன்றாம் சுற்றுக்கான தண்ணீரை ஏற்றி, நாலாவது பிளாக்குக்குப் போகிற பெரிய பாதையில் வண்டியைத் திருப்பினாள். இழுவை குறைய ஆரம்பித்தது. அவள் சோக்கைத் தொடவில்லை. பாதையின் நட்டநடுவே தவளை இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. எதிரே வந்த ஜீப்பும் நின்றது.

ஜீப்பிலிருந்து பொறியாளர் மஹாலக்ஷ்மி இறங்கினார். ஐம்பது வயது இருக்கும், தொப்பியும் வெயில் கண்ணாடியும் போட்டிருந்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்த்துப் போகிறவர். பின்னாலேயே ஜெபஸ்டின், பதிவேடுகளோடு தஸ்மியா, வண்டியைப் பற்றி நேரில் சொல்ல வரவழைக்கப்பட்டிருந்த இசக்கிமுருகன்.

"இதுதான் மேடம் நான் சொன்னது" என்றார் ஜெபஸ்டின். "எடுக்காதன்னு சொல்லியும் எடுத்திருக்கா. சொன்ன பேச்சு கேக்கதே கெடையாது."

"ஏம்மா எடுத்தீங்க?" என்று மஹாலக்ஷ்மி கேட்டார்.

"நிக்கும்னு தெரிஞ்சுதான் மேடம் எடுத்தேன். நீங்க பாக்கணும்னுதான் இங்கன கொண்டாந்தேன். ஒரு மாசமா இது நிக்கி. எம்மேல எழுதியிருக்காங்க. ஏன் நிக்கின்னு எனக்குத் தெரியும். டாங்க் சாவி வேணும்."

"சாவி ஆபீஸ்ல இருக்கு மேடம். போய் எடுத்துட்டு வரதுக்குள்ள வெயில் ஏறிரும். நாம அந்தப் பக்கம் பாத்துட்டு…"

"எங்கிட்ட இருக்கு" என்றாள் தஸ்மியா.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் பதிவேடுகளை ஜீப்பின்மேல் வைத்துவிட்டுக் கைப்பையைத் திறந்து சாவியை எடுத்தாள். ஜெபஸ்டின் பக்கம் பார்க்காமல் நேரே சந்தனமாரியிடம் வந்து கொடுத்தாள்.

சந்தனமாரி முதலில் மூன்று தடவை ஸ்டார்ட் செய்து பார்த்தாள். எடுக்கவில்லை. "மேடம், கொஞ்சம் கிட்ட வாங்க. காதக் குடுத்துக் கேளுங்க" என்று சொல்லிச் சாவியைத் திருகினாள். டாங்க் நீளமாக மூச்சை இழுத்தது. மூடியை எடுத்துவிட்டு, அரை நிமிடம் பொறுத்து பட்டனை அழுத்தினாள். முதல் அழுத்திலேயே வண்டி எடுத்துக்கொண்டது.

"கொஞ்சம் ஆறினா அது எப்பவும் எடுக்கும் மேடம். அது ஒண்ணும் புதுசு இல்ல" என்றார் ஜெபஸ்டின்.

"சார் சொல்லது சரிதான்" என்றாள் சந்தனமாரி. "ஒரு மட்டம் காட்டினா நம்ப வேண்டாம். பூட்டிட்டு ஓட்டுதேன். நிக்கட்டும். பெறவு மூடி இல்லாம துணி போட்டு மூடிட்டு ஓட்டுதேன். நீங்களே நேரம் பாருங்க."

மஹாலக்ஷ்மி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஜெபஸ்டின் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, "பாத்துட்டே போலாம்" என்றார்.

பூட்டிய மூடியோடு தண்ணீர்ச் சுமையை இழுத்துக்கொண்டு சந்தனமாரி பிளாக்கைச் சுற்றினாள். இருபத்தாறாவது நிமிடத்தில், அவர்கள் கண்முன்னேயே வண்டி நின்றது. மூடியைத் திறந்து பட்டனை அழுத்தினாள். எடுத்துக்கொண்டது. பிறகு மடித்த துணியை டாங்கின் வாயில் இறுக்கமில்லாமல் கட்டிக்கொண்டு, மேட்டில் ஏற்றாமல் பையவே சுற்றினாள். முப்பது நிமிடம் ஆனது. நாற்பது ஆனது. வரிசைகளின் இடுக்கில் தவளையின் சத்தம் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. பெண்கள் பிரஷ்களை ஊன்றி நின்று பார்த்தார்கள். யாரும் அவர்களை வேலையைப் பார்க்கச் சொல்லவில்லை.

இசக்கிமுருகன் மூடியைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தான். வாயில் வைத்து ஊதினான். கன்னம் உப்பியதே தவிரக் காற்று போகவில்லை. மறுபடி பலமாக ஊதினான்.

"இது வேற வண்டி மூடி மேடம். திருகு ஒத்துப்போகுது, அவ்வளவுதான். இதுல காத்து ஓட்டை கெடையாது. பொடிசாக் கசியுது, அதனாலதான் கொஞ்ச நேரம் விட்டா மறுபடி எடுத்திருக்கு. டாங்க் நெறஞ்சிருந்தா உள்ள காத்துக்கு எடமே இருக்காது, சீக்கிரம் நின்னுரும்." பிறகு சந்தனமாரி பக்கம் திரும்பினான். "நீங்க போன்ல சொன்னப்ப நான் கேட்டிருக்கணும்க்கா. நான் வாரப்ப எல்லாம் தொறந்துதான் கெடந்துது. மூடியப் பாக்கணும்னு தோணல. தப்பு எம்மேல."

"தண்ணி இருந்துன்னு சொன்னீங்களே?"

"ரெண்டு சொட்டுக்கா. எல்லா வண்டிலயும் இருக்கதுதான். அதுக்கு வண்டி நிக்காது."

ஜெபஸ்டின் முகத்தைக் கைக்குட்டையால் துடைத்தார். "சரி, விடுங்க. அந்தத் தாளக் கிழிச்சுப் போட்டுருதேன். மூடிய மாத்திருவோம். முடிஞ்சுது."

"முடியல சார்" என்றாள் சந்தனமாரி.

அவள் வண்டியிலிருந்து இறங்கி நின்றாள். குரலை உயர்த்தவில்லை. "நான் வண்டியக் கெடுத்தேன்னு டைப் அடிச்சு வந்துது. நான் கெடுக்கலங்கதும் டைப் அடிச்சு வரணும். மூடி எதுக்குப் போட்டீங்க, அதனால என்ன ஆச்சு, எல்லாம் எழுதணும். பெட்ரோல் திருடுதோம்னு ஒரு பூட்டு. அந்தப் பூட்டு வண்டிய நிறுத்திச்சுன்னா அதுக்கும் நாங்கதான் காரணமா?"

"ஏம்மா, எல்லார் முன்னாலயும் சார் ஒத்துக்கிட்டார்ல?" என்றார் மஹாலக்ஷ்மி. "நான் பாத்துக்கறேன். இதப் பெருசு பண்ண வேண்டாமே."

"அவரு ஒத்துக்கிடல மேடம். கிழிச்சுப் போடுதேன்னுதான் சொன்னாரு. நாளைக்கு நீங்க போயிருவீங்க. வாயால சொன்னது வாயோட போயிரும்."

ஆவுடைத்தாய் பிரஷைத் தரையில் வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். ஒருத்தி தலைத்துண்டை அவிழ்த்துப் புழுதியைத் தட்டினாள். கடைசியில் கழுவ வந்த பெண்கள் எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் பக்கம் வராமல் இருந்தது தஸ்மியா ஒருத்திதான். அவளும் ஜீப்பின் பக்கத்திலிருந்து நகர்ந்து பெண்கள் இருந்த பக்கம் வந்து நின்றாள்.

மஹாலக்ஷ்மி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஜெபஸ்டின், ஆபீசுக்குப் போய் எழுதிடலாம்" என்றார்.

ஆபீசில் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது, மேடம் போன் பேச வெளியே போன நேரத்தில், ஜெபஸ்டின் தணிந்த குரலில் சொன்னார்: "பெட்ரோல் ஏன் கூடிச்சுன்னு மேலேருந்து எங்கிட்டதான் கேட்டாங்க. நான் என்ன செய்ய?"

"உங்ககிட்ட கேட்டாங்க. நீங்க எங்ககிட்ட கேட்டிருக்கலாம். பழைய தொட்டி முந்நூறு லிட்டர், மார்கழியில மாத்துன இது ஐந்நூறு. சுமை கூடினா பெட்ரோல் கூடும். ஒரு வார்த்தையில சொல்லியிருப்பேன். நீங்க கேக்கல, பூட்டத்தான் போட்டீங்க."

அவர் கணினிப் பக்கம் திரும்பி மிச்ச வரிகளைத் தட்டச்சு செய்தார்.

அச்சாகி வந்த தாளை அவள் நின்றபடியே படித்தாள். மாற்றப்பட்ட எரிபொருள் மூடியில் காற்றுத்துளை இல்லாததே கோளாறுக்குக் காரணம், ஓட்டுநர்மீது தவறில்லை என்று இருந்தது. கோளாறை ஊழியர் ஒருவர் கண்டறிந்தார் என்று கடைசி வரி சொன்னது.

"குத்தம் சொன்னப்ப முழுப் பேரும் இருந்துது. இப்ப ஊழியர் ஒருவரா?" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

மஹாலக்ஷ்மி ஜெபஸ்டினைப் பார்த்தார். ஜெபஸ்டின் அந்த வரியைத் திருத்தி மறுபடி அச்செடுத்தார். இருவரும் கையெழுத்திட்டார்கள். ஒரு பிரதியைத் தஸ்மியா கோப்பில் வைத்தாள், இன்னொன்றை சந்தனமாரி மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

கழற்றிப் போட்ட பழைய மூடி தொலைந்துபோயிருந்ததால், வண்டிக்கு உரிய புது மூடி வந்துசேரப் பத்து நாள் ஆனது. அதுவரை ஹோஸை இழுத்துத்தான் கழுவினார்கள். அடுத்த மாதம் கேட் பாஸ் அவளுக்கும் வந்தது, தஸ்மியாவுக்கும் வேலை போகவில்லை. ஆனால் ஜெபஸ்டின் வேலைக்கு வேண்டிய பேச்சைத் தவிர இருவரிடமும் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசுவதில்லை. வேலைச் சீட்டில் ஐந்து நிமிடத் தாமதத்தையும் சிவப்பு மையில் குறித்தார்.

பங்குனிக் கடைசியில் வீட்டுக்கு வந்த கணவன் தாளைப் படித்துப் பார்த்தான். "நீ சொன்னது சரிதான். ஆனா இவ்வளவு பகைய வச்சுக்கிட்டு அங்கன எப்படி இருப்ப? டவுன்ல வேற வேல பாத்துக்கிடலாம்லா?"

"எதுக்குப் போகணும்? நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்று அவள் சோற்றை வடித்துக்கொண்டே கேட்டாள். "போகணும்னு தோணுதவரு போகட்டும். காலைல அஞ்சு மணிக்கு எனக்கு வேன் வந்துரும்."